தங்கமாரி இல்லாத எட்டரை மாதம்

"இந்த எட்டரை மாசம் எங்கம்மா போயிருந்த?"

தங்கமாரிக்கு முதலில் அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அரசு அலுவலகத்தின் இரண்டாவது மாடி. குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் உதவியாளர் குமாரவேல், அவளுடைய கோப்பைத் திருப்பி அவள் பக்கமாக வைத்தார். அதில் நான்கு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

"நான் எங்கேயும் போகல சார். ஒரகடத்துலதான் வேலை பார்த்தேன்."

"பேப்பர் அப்படிச் சொல்லலியே. பதினேழுல ஜூன், ஜூலை நீ வேலைல இல்ல. பதினெட்டுல கடைசி மூணு மாசம் இல்ல. இருபத்தொண்ணுல ரெண்டு மாசம், இருபத்துமூணுல ஒன்றரை மாசம். நீ எழுதிக் குடுத்த பயண விவரத்துல பன்னெண்டே நாள்தான் வெளிநாடு போனேன்னு கீது. மிச்ச நாளு இன்னா பண்ணிகினு இருந்த?"

"பாஸ்போர்ட்டைப் பாருங்க சார். இந்திய முத்திரை மூணே மூணு. பதிமூணுல வந்தது ஒண்ணு. பத்தொம்பதுல எங்க அப்பா செத்ததுக்குப் போனது ஒண்ணு, திரும்பினது ஒண்ணு. அவ்வளவுதான் என் பிரயாணம்."

குமாரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

"முத்திரை இல்லேன்னா போகலன்னு ஆயிடுமா? ராமேஸ்வரம் பக்கம் போட்ல ஏறிப் போயிட்டு வர்றவங்க முத்திரை குத்திகினா வர்றாங்க? நீ சிலோன். ஏழு வருஷம் இங்கியே இருந்தேன்னு நீ காட்டணும், நான் கேட்டுத்தான் ஆவணும். வருஷத்துக்கு ஒரு தடவ பெர்மிட் புதுப்பிக்க வந்தது தெரியும். நடுவுல எங்க இருந்த? முப்பது நாள் டைம். ஆதாரம் வரலேன்னா தகவல மறைச்சேன்னு எழுதித் தள்ளுபடி பண்ணிடுவாங்க."

தங்கமாரி எழுந்தாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த மேசையைப் புரட்டியிருப்பாள். பேசாமல் படியிறங்கி வந்து, பேருந்து நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போட். அந்த ஒரு சொல் அவளை எங்கே கொண்டுபோய்க் குத்தியது என்று குமாரவேலுக்குத் தெரிய நியாயமில்லை. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தோட்டத்துத் தமிழர்களைப் பங்கு பிரித்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்ட காலத்தில், அத்தை குடும்பம் கப்பலேறி இந்தியா வந்தது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். நாற்பது வயதுவரை எந்த நாடும் அவரைத் தன்னுடைய ஆள் என்று சொல்லவில்லை. டவுனில் பஸ் ஏறினால், கடைக்குப் போனால், 'கள்ளத்தோணி' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்ததிலிருந்து கடலையே பார்த்திராத மனிதர் அவர். மகள் விமானத்தில் முறையாக விசா வாங்கி வந்து, அத்தை மகன் இசக்கிதுரையைப் பதிவுத் திருமணம் செய்து, பத்து வருடம் வரிசை வரிசையாக நின்று காகிதம் சேர்த்து விண்ணப்பம் போட்டால், இங்கேயும் ஒருவர் கேட்கிறார், போட்டில் போனாயா என்று.

இத்தனைக்கும் காரணமான காகிதத்தை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர்களே வைத்தார்கள்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக கேட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அத்தனை பேரும். அதனால் எங்கே போனாலும் மொத்தப் பையையும் தூக்கிக்கொண்டு போவார்கள். கேட்டது மூன்று என்றால் முப்பதைக் கொடுப்பார்கள். தங்கமாரி விண்ணப்பம் கொடுக்கப் போன அன்றும் இசக்கிதுரை அதையேதான் செய்தான். பி.எஃப். பதிவிலிருந்து அவள் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாள், எந்தத் தேதியில் நின்றாள் என்கிற பட்டியலை பிரௌசிங் சென்டரில் அச்சடித்து, "இதையும் சேத்து வையி புள்ள. ஒம்பது வருசமா இங்கதான் கெடக்கோம்னு தெரியட்டும்" என்று கோப்பில் சொருகினான். அந்தத் தாள்தான் அவள் எட்டரை மாதம் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டது.

அந்த எட்டரை மாதத்தின் கதை, அந்த வட்டாரத்தில் காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு 'பிரேக்' என்று பெயர். ஒரே ஆள் விடாமல் தொடர்ந்து வேலை செய்தால் நாளைக்கு நிரந்தரம் கேட்பாள். அதனால் அவ்வப்போது அவளை நிறுத்திவிட்டதாகக் காகிதத்தில் எழுதுவார்கள். பிறகு வேறொரு காண்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயரில் புதிதாகச் சேர்ப்பார்கள். ஆனால் உற்பத்தி லைன் நிற்கக் கூடாதே. காகிதத்தில் வீட்டுக்குப் போனவள் நிஜத்தில் மறுநாள் காலையும் கம்பெனிப் பேருந்தில் வருவாள். கழுத்தில் மட்டும் வேறொருத்தியின் கார்டு தொங்கும். ஊருக்குப் போய்த் திரும்பாத பெண்களின் கார்டுகளை லேபர் காண்ட்ராக்டர் சுப்பராயன் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். தங்கமாரிக்கு ஒவ்வொரு பிரேக்கிலும் கிடைத்தது இசக்கிசெல்வி என்கிற பெண்ணின் கார்டு. அந்த மாதங்களின் சம்பளமும் இசக்கிசெல்வி பெயரில்தான் வந்து, சுப்பராயன் கைவழியாகத் தங்கமாரியிடம் சேர்ந்தது. எந்தப் பதிவிலும் தங்கமாரி இல்லை.

மறுநாளே ஒரகடம் கூட்டுரோட்டில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த சுப்பராயன் அலுவலகத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அந்த மாதங்களில் வேலை செய்தேன் என்று ஒரு கடிதம் போதும் என்றாள்.

சுப்பராயன் தேநீர் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாமா, வெளயாடறியா? நீ வேலை செஞ்சேன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு லேபர் ஆபீசர் என் வூட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"நான் லைன்ல நின்னேன்ல அண்ணே."

"நின்னது நீ இல்ல. இசக்கிசெல்வி. வருகை மஸ்டர்ல அப்படித்தான் கீது."

"அண்ணே, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

"மூஞ்சிய வெச்சு இன்னா பண்றது, பேப்பரத்தான பாப்பாங்க." அவர் குரல் இறங்கியது. "அடுத்தவ கார்டப் போட்டுகினு கேட் உள்ள போனது யாரு? நானா? அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். அதுவும் சிலோன்காரி பண்ணா எவ்ளோ பெரிய கேஸ் தெரியுமா? ஒரு போன் போட்டேன்னு வெச்சுக்கோ, உன் ஃபைலு குப்பைல. ஏதோ இத்தினி வருஷம் பழகிட்டியேன்னு சொல்றேன், நீ உடம்பு சரியில்லாம புருஷன் ஊர்ல ரெஸ்ட்ல இருந்தேன்னு ஒரு லெட்டர் எழுதித் தரேன். வாங்கிகினு போ."

கார்டை மாட்டிவிட்டதும் அவர்தான். மாட்டிக்கொண்டதற்காக மிரட்டுவதும் அவர்தான். தங்கமாரி அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது அவள் செருப்பைப் போட மறந்திருந்தாள். சூடான இரும்புப் படியில் பாதி இறங்கிய பிறகுதான் கால் சுட்டது. திரும்பி ஏறிப் போய் எடுத்து வந்தாள். அந்த இரண்டாவது ஏற்றம் அவள் கோபத்தை இன்னும் ஒரு மடங்கு ஏற்றியது.

படப்பையில் அவர்களுடைய ஒற்றை அறை வாடகை வீடு. ஒப்பந்தம் என்று எதுவும் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததில்லை. அதுவும் இருந்திருந்தால் ஒரு சாட்சி. சேமிப்புக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த இசக்கிதுரை, முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அந்த லெட்டர வாங்கிட்டு வந்திருக்கலாம்லா புள்ள. எங்க ஊர்ல இருந்தேன்னு எழுதுனா என்ன? எங்க ஊரும் இந்தியாலதான இருக்கு."

"மச்சான், நீங்க இனிமே எனக்கு யோசனை சொல்லாதீங்க. நீங்க சொருகின ஒரு பேப்பர்தான் என்னை நடுத்தெருவுல நிறுத்தியிருக்கு."

"நல்லதுக்குத்தான வச்சேன்."

"நல்லதுக்குத்தான் வச்சீங்க. அந்த லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்தா உங்க ஊர் வி.ஏ.ஓ.கிட்ட கேட்பாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்பாங்க. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் எழுதணும். இத்தனை வருஷம் நான் ஒரு கட்டத்துல கூடப் பொய் எழுதல. எங்கப்பாவ சாகிற வரைக்கும் கள்ளத்தோணின்னு கூப்பிட்டாங்க. அவரு ஒரு கள்ளமும் பண்ணல. நானும் பண்ணல. இப்ப இந்த சுப்பராயன் தப்பிக்கிறதுக்காக நான் கள்ளியாகணுமா?"

இசக்கிதுரை சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை. அவனும் தொடவில்லை. இரண்டு தட்டும் அப்படியே ஆறின.

இருபத்திரண்டு நாட்கள் போய்விட்டன. லேபர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள், விசாரிக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். இசக்கிசெல்வியின் போன் எண் உபயோகத்தில் இல்லை. கூட வேலை செய்த பெண்கள் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டதற்கு, "காண்ட்ராக்ட் பொண்ணுங்க எழுதறதுக்கு இன்னாமா மதிப்பு, கம்பெனி லெட்டர்ஹெட் கொண்டா" என்று குமாரவேல் போனை வைத்துவிட்டார்.

இருபத்துமூன்றாம் நாள், முதல் ஷிப்ட். அவள் வேலை செய்யும் கம்பெனி கார்களுக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைச் செய்கிறது. தங்கமாரி லைனின் கடைசியில் நிற்கும் செக்கர். கட்டு ஒவ்வொன்றையும் பலகையில் மாட்டி, விளக்கு பச்சையாக எரிகிறதா என்று பார்த்து, மணிக்கொரு தரம் செக் ஷீட்டில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து மணிக் கட்டத்தில் 'தங்க' என்று எழுதியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பூமாரி எட்டிப் பார்த்தாள். சங்கரன்கோவில்காரி. வாய் ஓயாதவள்.

"என்னக்கா, பாதிப் பேரோட நிக்க? மீதிய மறந்துட்டியா?"

"பூமாரி, பிரேக்ல இருந்தப்ப நான் இதுல யார் பேர்ல கையெழுத்துப் போட்டேன்?"

"இது என்ன கேள்வி? கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நீ இசக்கிசெல்வி. இங்க நீ நீதான். அவ ஒயருக்கு டேப் சுத்துனவ, அவ எப்படி செக்கர் கையெழுத்துப் போடுவா? கஸ்டமர் அப்ரூவல் குடுத்த ஆளுதான போடணும்."

பூமாரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள். தங்கமாரி மீதிப் பெயரையும் எழுதி முடித்தாள்.

கஸ்டமரான கார் கம்பெனிக்காரன் ஆள் விஷயத்தில் கறாரானவன். எந்தெந்தச் செக்கர் பரீட்சை எழுதித் தேறினாள் என்று பெயரும் மாதிரிக் கையெழுத்தும் அவனிடம் போயிருக்கிறது. வேறு யார் கையெழுத்துப் போட்டாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால் தொழிலாளர் சட்டத்துக்குக் காட்டுகிற மஸ்டரில் அவளை அழித்தவர்கள், கஸ்டமருக்குக் காட்டுகிற செக் ஷீட்டில் அவளையே கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். மனுஷியைப் பற்றிப் பொய் எழுதத் துணிந்தவர்களுக்கு ஒயரைப் பற்றிப் பொய் எழுதத் துணிவில்லை. எட்டரை மாதம், நாள் தவறாமல், மணி தவறாமல், அவள் இங்கே நின்றதற்கு அவள் கைப்பட எழுதிய சாட்சி பதினைந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று கஸ்டமர் சொன்னதால் பதிவு அறையில் கட்டுக்கட்டாக இருக்கிறது.

உணவு இடைவேளையில் அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. நேராக எச்.ஆர். அறைக்குப் போனாள். மணிகண்டபிரபு என்கிற இளம் அதிகாரி. மரியாதையாகப் பேசுவான். மரியாதையாகவே மறுப்பான். அங்கே எதிர்நாற்காலியில் சுப்பராயனும் உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், லெட்டர் விஷயம்னா காண்ட்ராக்டர் சார்கிட்டதான் பேசணும். நீங்க கம்பெனி எம்ப்ளாயி கிடையாது."

"செக் ஷீட் கம்பெனியோடதுதான சார்?"

"அது கான்ஃபிடென்ஷியல். காப்பியெல்லாம் தர முடியாது."

"எனக்குக் காப்பி வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. தேதி எழுதி இந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டுவந்திருக்கேன். இதுல இருக்கிற எட்டரை மாசம் நான் இங்க இருந்தேனா, இல்லியா?"

மணிகண்டபிரபு சுப்பராயனைப் பார்த்தான். "ரெகார்டுபடி இல்ல," என்றான்.

"சரி. நான் இல்ல. அப்ப அந்த எட்டரை மாசம் செக் ஷீட்ல தங்கமாரின்னு கையெழுத்துப் போட்டது யாரு? ஊர்லயே இல்லாதவ போட்ட கையெழுத்துல எத்தனை ஆயிரம் ஒயர்க்கட்டு வண்டிக்குள்ள போயிருக்கு? திங்கக்கிழமை கஸ்டமர் ஆடிட். என் டேபிள்கிட்ட வந்துதான் முதல்ல நிப்பாங்க. நான் இங்க இல்லவே இல்லன்னு எச்.ஆர். சார் சொல்றாரு, அந்தச் சரக்கையெல்லாம் யார் செக் பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடவா?"

மணிகண்டபிரபுவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது, அவன் அதைப் பிடிக்கவில்லை. பத்து வருடமாகச் சட்டத்துக்குப் பயப்படாத அந்த அறை முதன்முறையாகப் பயந்தது.

"மிரட்டறியாமா?" என்றார் சுப்பராயன்.

"ஆமா."

இவ்வளவு சின்னச் சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆள்மாறாட்டம்னு சொன்னீங்கல்ல அண்ணே, போன் போடுங்க. போலீஸ் வரட்டும். கார்டை மாட்டிவிட்டது யாரு, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வச்சது யாருன்னு அவங்ககிட்டயும் சொல்றேன். எனக்கு இழக்கறதுக்கு அந்த ஃபைல் ஒண்ணுதான் இருக்கு. அதை நீங்க ஏற்கனவே குப்பைல போட்டுட்டீங்க."

மணிகண்டபிரபு எழுந்து கதவைச் சாத்தினான். யாருக்கோ போன் பேசினான். ஐந்து நிமிடம் கழித்து வந்து கம்ப்யூட்டரில் தட்டினான். முதல் கடிதத்தில், மேற்படி மாதங்களில் தங்கமாரி 'அவ்வப்போது வருகை புரிந்தார்' என்று இருந்தது.

"வருகை புரிய நான் என்ன விருந்தாளியா சார்? எட்டு மணி நேரம் நின்னேன். வேலை செய்தார்னு போடுங்க. தேதி போடுங்க. ஷிப்ட் போடுங்க."

இரண்டாவது கடிதத்தில் எல்லாம் இருந்தது. கம்பெனி முத்திரையும் இருந்தது. அதைக் கையில் வாங்கித் தேதிகளைச் சரிபார்த்தாள். நன்றி சொல்ல வாய் பழக்கத்தில் திறந்தது. சொல்லாமல் மூடிக்கொண்டாள். எதற்கு நன்றி? அவள் நின்ற நாட்களை அவளுக்கே திருப்பிக் கொடுத்ததற்கா?

கேட்டில் சுப்பராயன் காத்திருந்தார். கையை நீட்டினார். "கார்டக் குடு. நாளைலேர்ந்து நீ வரத் தேவையில்ல."

தங்கமாரி கழுத்திலிருந்து கழற்றினாள். "நல்லாப் பார்த்து வாங்கிக்கோங்க. இது யார் பேர்ல இருக்குன்னு உங்களுக்கே குழம்பிடும்."

பின்னால் ஷெட்டின் வாசலில் பூமாரியும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். விஷயம் அதற்குள் லைன் முழுக்கப் பரவியிருந்தது.

"எக்கா," என்று பூமாரி உரக்கக் கூப்பிட்டாள், சுப்பராயன் காதில் விழட்டும் என்றே. "நானும் ரெண்டு பிரேக்கு கனகலட்சுமியா இருந்தேன்லா. எனக்கும் ஒரு லெட்டர் கேட்டுப் பாக்கட்டா?"

"கேளு. கையெழுத்து உன்னோடதுதான?"

ஒன்பது வருட வேலை அந்த மதியத்தோடு போனது. வீடு திரும்பிய அவளிடம் இசக்கிதுரை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். "இதோட வேற எதையும் சேத்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான?" என்றான். மூன்று வாரமாகச் சிரிக்காதவளுக்கு அன்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகை நின்ற பிறகும் கோபம் நிற்கவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை, அதே இரண்டாவது மாடி. குமாரவேல் கடிதத்தை நிதானமாகப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் அவளைப் பார்த்தார்.

"வேலை செஞ்சிருக்க. அப்ப பி.எஃப்.ல ஏன் காட்டல?"

"அதை லெட்டர் குடுத்தவங்களக் கேளுங்க சார். நம்பர் கீழே இருக்கு. நான் போட்ல போகலன்னு மட்டும்தான் நான் சொல்லணும். சொல்லிட்டேன்."

அவர் முகம் சற்றுச் சிவந்தது. "ரூல்ஸ் கேட்டேன்மா. மனசுல வெச்சுக்காத. சரி, வெச்சுட்டுப் போ. மேல அனுப்பறேன். வரும்போது வரும்."

"பெற்றுக்கொண்டேன்னு எழுதித் தாங்க."

"அதெல்லாம் குடுக்கற வழக்கமில்ல."

தங்கமாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "கொஞ்சம் நகரும்மா, எங்களுக்கும் வேலை கீது" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிடம். கால்மணி. குமாரவேல் இன்னொரு கோப்பைப் புரட்டுவதுபோல் புரட்டினார். ஒரே பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு தாளை இழுத்து, கோப்பு எண்ணும் தேதியும் எழுதி, முத்திரை குத்தி, அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுத்து வரிவரியாகப் படித்துவிட்டு, மறுபடியும் அவர் முன்னாலேயே வைத்தாள்.

"உங்க பேரையும் எழுதுங்க சார்."

"எம்பேரு எதுக்கு?"

"நாளைக்கு இந்த லெட்டரக் காணோம், அந்த எட்டரை மாசம் எங்க போனேன்னு இன்னொருத்தர் கேட்டா, யார் கையில குடுத்தேன்னு நான் சொல்லணும்ல."

குமாரவேல் மூடிய பேனாவை மறுபடியும் திறந்தார்.